டல்லஸ் என்ற பெயரில் ஒரு தங்கை

சேலையூர் பெரியம்மா முதல் தடவையாக அமெரிக்கா போனார். மகன் வர்ஜீனியாவில் இருக்கிறான். திருசூலத்தில் வழியனுப்பப் போயிருந்தபோது டிக்கெட்டை என் முகத்துக்கு நேராக நீட்டி, "இதென்ன, டாலஸ்னு போட்டிருக்கான்? அது டெக்ஸாஸ்ல இல்ல இருக்கு? வாஷிங்டன் பக்கத்துலன்னுதானே பையன் சொன்னான்?" என்று கேட்டார்.

"அது டாலஸ் இல்ல பெரியம்மா, டல்லஸ். ஊர் பேர் இல்ல, ஆள் பேர்."

"யாரு?"

"அமெரிக்காவோட பழைய வெளியுறவு மந்திரி."

"அப்ப நம்ம காமராஜர், அண்ணா மாதிரி" என்று முடித்துக்கொண்டு டிராலியைத் தள்ளியபடி உள்ளே போய்விட்டார்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் இப்படி ஒரு பயணம் நடந்திருக்கும். பேரன் பேத்தியைப் பார்க்க ஆறு மாசம், கைப்பெட்டியில் ஊறுகாயும் பருப்புப் பொடியும். இவர்களில் எத்தனையோ பேர் இறங்குகிற இடம் அந்த விமான நிலையம்தான். 1962 நவம்பரில் அதிபர் கென்னடி அதைத் திறந்துவைத்தார். ஐசனோவரின் வெளியுறவு அமைச்சராக 1953 முதல் 1959 வரை இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸின் பெயர் அதற்கு. நேருவின் அணிசேராக் கொள்கை உச்சத்தில் இருந்த 1956இல், நடுநிலை என்பதே ஏறக்குறைய ஒழுக்கக்கேடு என்று பேசியவர். கோவா விவகாரத்தில் போர்ச்சுகலுக்கு இதமாக நடந்துகொண்டவர். இந்தியாவில் அவர் பெயரை நல்லவிதமாகச் சொன்னவர்கள் குறைவு.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது இல்லை. அவருக்கு ஒரு தங்கை இருந்தார். பெயர் எலினார் லான்சிங் டல்லஸ். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கி, நாணயத்தைப் பற்றிப் புத்தகம் எழுதி, பிறகு ராஜதந்திரத்துக்குள் நுழைந்து, போரில் நொறுங்கிய ஒரு நகரத்தை நிமிர்த்தியதில் கணிசமான பங்கு வகித்தவர். தாம்பரத்தில் பொருளாதாரம் படித்த காலத்தில் அவர் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. பாடப்புத்தகத்தில் அவர் இல்லை. அவருடைய பாட்டி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பது எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

*

ஆமாம், யாழ்ப்பாணம்தான்.

தமிழ் அகராதிகளோடு கொஞ்சம் பழக்கம் உள்ளவர்களுக்கு வின்ஸ்லோ என்ற பெயர் தெரியும். மைரன் வின்ஸ்லோ. 1862இல் சென்னையில் அச்சாகி வந்த அவருடைய தமிழ் - ஆங்கில அகராதியில் 67 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி வருவதற்கு முன்னால் அதுதான் பெரிய கை. இன்றைக்கும் பழைய சொல் ஒன்று இடறினால் அதைப் புரட்டுகிறவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் தொடங்கி பலர் கைமாறி வந்த வேலை அது. வின்ஸ்லோ அதை முடித்துக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து, 1864இல், ஊருக்குத் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் இறந்துபோனார்.

அவருடைய மனைவி ஹேரியட் வின்ஸ்லோ 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்களுக்காக ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம். ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பள்ளிகளில் ஒன்றாகச் சொல்லப்படும் உடுவில் மகளிர் கல்லூரி அங்கேதான் ஆரம்பமானது. ஹேரியட் 1833இல் அந்த மண்ணிலேயே இறந்தார். வின்ஸ்லோ 1836இல் சென்னைக்கு வந்தார்.

இவர்களுடைய மகளுக்கும் அம்மாவின் பெயர்தான், ஹேரியட். யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர், ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற இளம் மிஷனரியைக் கல்யாணம் செய்துகொண்டார். 1849இல் இருவரும் சென்னைக்கு வந்தார்கள். கணவருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. சில வருஷங்களிலேயே அமெரிக்கா திரும்பிவிட்டார்கள். திரும்பிய பிறகு அவர் சென்னையையும் நீலகிரியையும் கல்கத்தாவையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இந்தத் தம்பதியின் மகன் ஆலன் மேசி டல்லஸ், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற சின்ன ஊரில் பாதிரியாராக இருந்தார். அவருடைய ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் பின்னாளில் வெளியுறவு அமைச்சர் ஆனார். அடுத்த மகன் ஆலன், சிஐஏவின் இயக்குநர். அவர்களுக்குக் கீழே, 1895 ஜூன் 1ஆம் தேதி பிறந்தவர் எலினார்.

உடுவில் பள்ளியைத் தொடங்கியவரின் கொள்ளுப்பேத்தி அவர். அந்தக் குடும்பத்தில் பெண்ணைப் படிக்க வைப்பது சண்டை போட்டு வாங்க வேண்டிய காரியமாக இல்லை. படித்த பிறகு அவளுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

*

அம்மா வழித் தாத்தா ஜான் ஃபாஸ்டரும் ஒரு காலத்தில் வெளியுறவு அமைச்சர். சித்தியின் கணவர் ராபர்ட் லான்சிங்கும் முதல் உலகப் போர்க் காலத்தில் அதே பதவியில் இருந்தவர். ஆக ஒரே வீட்டில் தாத்தா, சித்தப்பா, அண்ணன் என்று மூன்று பேர். கோடை விடுமுறையில் ஒன்டாரியோ ஏரிக்கரையில் எல்லோரும் கூடுவார்கள். மீன் பிடிப்பதும் உலக விவகாரம் பேசுவதும் அங்கே அன்றாட வேலை. சின்ன வயதிலிருந்தே பார்வை மோசமான எலினார் அதையெல்லாம் கேட்டு வளர்ந்தார்.

பிரின் மார் கல்லூரியில் 1917இல் பட்டம் வாங்கினார். அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. நேரே பிரான்ஸுக்குப் போய், வீடிழந்த மக்களுக்கான நிவாரண வேலையில் சேர்ந்தார். 1919இல் பாரிஸில் சமாதான மாநாடு நடந்தபோது சித்தப்பாவும் இரண்டு அண்ணன்களும் மாநாட்டு மண்டபங்களில் இருந்தார்கள். தங்கை மார்ன் ஆற்றுப் பக்கம் இடிந்த கிராமங்களில் இருந்தார். ஒப்பந்தம் மேலே எழுதப்படுவதையும் அதன் விலையைக் கீழே யார் கொடுக்கிறார்கள் என்பதையும் ஒரே குடும்பத்தில் இரண்டு பக்கமாகப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து தொழிலாளர் பொருளாதாரத்தில் முதுகலை படித்தார். படித்துவிட்டு நாற்காலி தேடிப் போகவில்லை, தொழிற்சாலைகளுக்குப் போனார். கூந்தல் வலை செய்யும் ஒரு கம்பெனியில்கூட வேலை பார்த்தார். பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஒரு வருஷம். அதன்பின் ராட்கிளிஃப், ஹார்வர்டு. 1926இல் முனைவர் பட்டம்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் பிரெஞ்சு நாணயமான ஃபிராங்க். போருக்கு முன்னால் ஒரு டாலருக்கு ஐந்து ஃபிராங்குக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. 1926 ஜூலையில் ஏறக்குறைய ஐம்பதைத் தொட்டது. பிறகு புவான்கரே ஆட்சிக்கு வந்ததும் மளமளவென்று மீண்டு, 1928இல் இருபத்தைந்தரை ஃபிராங்க் என்று நிலைகொண்டது. ஏன் இப்படி விழுந்தது, ஏன் இப்படி எழுந்தது? அச்சடித்த நோட்டின் அளவை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது என்பதை எலினார் பார்த்தார். மக்களின் பயம், எதிர்பார்ப்பு, அரசாங்கத்தின் மேல் உள்ள நம்பிக்கை, இவையும் கணக்கில் வர வேண்டும்.

நமக்கு இது புதுசு இல்லை. தெருவில் சீட்டு பிடிக்கும் அக்காவைப் பற்றி, "அவங்க கஷ்டத்துல இருக்காங்களாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். மறுநாள் காலையில் வாசலில் பத்து பேர் நிற்பார்கள். பேச்சு கிளம்பும்வரை சீட்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். நாணயமும் அப்படித்தான். இதை ஒரு நாட்டின் பத்து வருஷப் புள்ளிவிவரத்தோடு உட்கார்ந்து எழுதியவர் எலினார். 1929இல் அது புத்தகமாக வந்தது. அடுத்து, சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த பன்னாட்டுத் தீர்வு வங்கியைப் பற்றி 1932இல் இன்னொரு புத்தகம்.

அதே 1932 டிசம்பரில் டேவிட் பிளாண்ட்ஹைம் என்ற மொழியியல் பேராசிரியரைக் கல்யாணம் செய்தார். அவர் யூதர், இவர் பிரெஸ்பிட்டேரியன் பாதிரியாரின் மகள். இரு பக்கத்திலும் அது லேசான விஷயம் இல்லை. பதினைந்து மாதங்களில், 1934 மார்ச்சில், பிளாண்ட்ஹைம் தற்கொலை செய்துகொண்டார். எலினார் அப்போது கர்ப்பமாக இருந்தார். அந்த வருஷ அக்டோபரில் மகன் பிறந்தான். பின்னால் ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்துக்கொண்டார். பழையபடி டல்லஸ் என்ற பெயருக்கே திரும்பினார்.

பொருளாதார மந்தநிலையின் நடுவில், கைக்குழந்தையோடு, முப்பத்தொன்பது வயதில் ஒரு பெண். 1936இல் அரசாங்க வேலைக்குப் போனார். அமெரிக்காவின் புதிய சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குப் பணம் எப்படி வரும், ஐம்பது வருஷம் கழித்து அது தாங்குமா என்று கணக்குப் போடும் பிரிவு. ஓய்வூதியக் கணக்கு. யாரும் சினிமா எடுக்க மாட்டார்கள். ஆறு வருஷம் அதைச் செய்தார்.

*

1942இல் வெளியுறவுத் துறைக்குள் போனார். ராஜதந்திரத்துக்குப் பொருளாதார நிபுணர்கள் தேவைப்பட்ட காலம் அதுதான். அதற்கு முன்னால் தூதர் என்றால் நல்ல குடும்பம், நல்ல பிரெஞ்சு, நல்ல கோட்டு. போர் முடியும் தறுவாயில் கேள்விகள் மாறின. நிலக்கரி எத்தனை டன்? கோதுமை எந்தத் துறைமுகத்தில்? யாருடைய நாணயத்தை யார் ஏற்பார்கள்?

1944 ஜூலையில் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடி உலக வங்கிக்கும் பன்னாட்டு நிதியத்துக்கும் அடித்தளம் போட்டன. அந்த மாநாட்டை ஒட்டிய வெளியுறவுத் துறையின் வேலைகளில் எலினாரும் இருந்தார். அமெரிக்காவின் அதிகாரபூர்வப் பிரதிநிதிகளில் ஒரே ஒரு பெண், மேபல் நியூகாமர். அவரும் பொருளாதாரப் பேராசிரியர்தான். இந்தியக் குழுவில் நம் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் இருந்தார். போருக்காக இந்தியாவிடம் வாங்கிய சரக்குக்கெல்லாம் பிரிட்டன் லண்டனில் கடன் கணக்கு எழுதி வைத்திருந்தது. அந்தப் பணம் எப்போது, எந்த நாணயத்தில் திரும்பி வரும் என்பதுதான் இந்தியக் குழுவின் கவலை.

சரியாக அதே வருஷங்களில் நம் தாம்பரத்திலும் ஒருவர் இருந்தார். 1937இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஊருக்குள்ளிருந்து தாம்பரத்துக் காட்டுக்கு இடம் மாறியது. அங்கே 1940 முதல் 1946 வரை பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர் மால்கம் ஆதிசேஷையா. வேலூரில் பிறந்தவர். எலினார் படித்த அதே லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் அவருக்கு ஒரு தலைமுறை பின்னால் படித்தவர். 1946இல் ஜெனீவாவுக்கு மாணவர் நிவாரண வேலைக்குப் போனார், 1948இல் பாரிஸில் யுனெஸ்கோவில் சேர்ந்தார், 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். திரும்பி வந்து 1971இல் மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தார். வகுப்பறையிலிருந்து உலக மேடைக்குப் போகும் பாதை தாம்பரத்திலிருந்தும் இருந்திருக்கிறது. அதில் அந்த நாளில் நடக்க முடிந்தது யார் என்பதுதான் கேள்வி.

இதில் எனக்கு ஔவையார் நினைவுக்கு வருவார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். தாம்பரமும் அந்தத் தொண்டை நாடுதானே. புறநானூற்றில் அந்தக் காட்சி இருக்கிறது: தொண்டைமான் பெருமையாகத் தன் ஆயுதக் கிடங்கைக் காட்டுகிறான். எல்லாம் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, பளபளவென்று. ஔவையார் புகழ்வதுபோலப் புகழ்ந்துவிட்டு, எங்கள் அரசனின் வேல்களோ நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். உன்னுடையது உபயோகமே ஆகாத சரக்கு, அவனுடையது உழைத்துத் தேய்ந்தது என்று அர்த்தம். இருப்பைப் பார்த்து எதிராளியின் நிலையைக் கணக்குப் போடுவது. இருபதாம் நூற்றாண்டில் எலினார் செய்ததும் அந்த வேலைதான். என்ன, வேலுக்குப் பதில் நிலக்கரி.

1945 முதல் 1949 வரை வியன்னாவில் நிதி விவகாரங்களுக்கான அதிகாரி. நகரத்தை நான்கு நாட்டுப் படைகள் பங்கு போட்டிருந்தன. சோறு இல்லை, அடுப்புக்கு விறகு இல்லை. 1947 டிசம்பரில் ஆஸ்திரியா தன் பழைய நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. தலைக்கு 150 ஷில்லிங் வரை ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் கையில் இருந்தால் மூன்று பழைய நோட்டுக்கு ஒரு புது நோட்டு. 2016 நவம்பரில் ஏடிஎம் வாசலில் நின்ற நமக்கு அந்த வரிசையைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. ஃபிராங்க் பற்றிய ஆராய்ச்சியில் தாளில் பார்த்ததை அவர் வியன்னாவில் தெருவில் பார்த்தார்.

*

1952இல் அவருக்குக் கிடைத்தது பெர்லின் மேசை. வெளியுறவுத் துறையில் பெர்லின் சம்பந்தப்பட்ட வேலைகளுக்குப் பொறுப்பு. மேற்கு பெர்லின் அப்போது கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனிக்குள் நூறு மைல் தள்ளி மாட்டிக்கொண்ட ஒரு தீவு. தலைநகர் அந்தஸ்து போய்விட்டது, தொழிற்சாலைகள் போய்விட்டன, வேலையில்லாதவர்கள் லட்சக்கணக்கில். ராணுவம் நகரத்தைக் காக்கலாம். ஆனால் சம்பளம் இல்லாத நகரத்தில் யார் இருப்பார்கள்? இளைஞர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டால் காப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

ஃபிராங்கில் கண்டுபிடித்த அதே விஷயம்தான் இங்கேயும். நம்பிக்கை. ஒரு ஊர் நாளைக்கும் இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் நம்ப வேண்டும். அதற்குப் பேச்சு போதாது, செங்கல் வேண்டும். எலினார் அமெரிக்க உதவிப் பணத்தைத் தேடித் தேடி பெர்லினுக்குத் திருப்பினார். வேலைவாய்ப்புத் திட்டங்கள், பல்கலைக்கழகத்துக்குக் கட்டடங்கள், பிறகு ஒரு பெரிய மருத்துவமனைக்கான முயற்சி. எல்லாவற்றிலும் பிரபலமானது 1957இல் திறந்த காங்கிரஸ் மண்டபம். ஹியூ ஸ்டப்பின்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. கூரை இரண்டு பக்கமும் சிறகு விரித்த மாதிரி வளைந்திருக்கும். பெர்லின்காரர்கள் அதற்கு 'கர்ப்பிணிச் சிப்பி' என்று பெயர் வைத்தார்கள். கிழக்கிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் அதை நிறுத்தியது யோசித்துச் செய்ததுதான். 1980இல் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, திரும்பக் கட்டினார்கள். இன்றைக்கு அது உலகப் பண்பாடுகளின் இல்லம்.

இதற்கு நடுவில்தான் அண்ணன் மேலதிகாரியாக வந்து சேர்ந்தார். 1953இல் ஃபாஸ்டர் டல்லஸ் வெளியுறவு அமைச்சர் ஆனபோது, தங்கை அதே துறையில் இருப்பது நன்றாக இருக்காது, வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். அண்ணன் வருவதற்குப் பதினோரு வருஷம் முன்னாலிருந்தே அந்தத் துறையில் இருப்பவர் எலினார். ஒரு வருஷம் பார், சரியாக வரவில்லையென்றால் நானே போகிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டு தங்கினார். அந்தத் தவணை அண்ணனின் பதவிக்காலம் முழுக்க நீண்டது. இந்த இடம் முழுக்க முழுக்க ஆண்களின் உலகம், பெண்ணாக இருந்தால் பத்து மடங்கு உழைக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. ஈரானிலும் கவுதமாலாவிலும் 1953, 54இல் ஆட்சிகளைக் கவிழ்த்த அரசாங்கம் அது. அதில் இரண்டு அண்ணன்களின் கையும் இருந்தது. எலினாரும் பனிப்போரை நம்பியவர்தான். பெர்லினில் விழுந்த டாலர் வெறும் தர்மம் இல்லை. போட்டிக்குக் கட்டிய காட்சிப் பொருளும்கூட. ஆனால் அந்தக் காட்சிப் பொருளில் ஜனங்கள் குடியிருந்தார்கள், படித்தார்கள், வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள் என்பதும் நிஜம்.

*

இந்த இடத்தில் நுங்கம்பாக்கத்துக்கு வர வேண்டும். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பிறகு மாநிலக் கல்லூரியிலும் படித்த ஒரு குடகுப் பெண், சி. பி. முத்தம்மா. படித்தது ஆங்கில இலக்கியம், பொருளாதாரம் இல்லை. 1948இல் குடிமைப் பணித் தேர்வு எழுதி, இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் ஆனார். சேரும்போதே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்: கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்துவிடுகிறேன்.

தமிழ்நாட்டுப் பிரிவில் 1951இல் ஐஏஎஸ் சேர்ந்த முதல் பெண்ணான அன்னா ராஜத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். பெண்ணுக்கு எதற்குக் கலெக்டர் வேலை என்று தயங்கியவர்களைத் தாண்டித்தான் அவர் ஓசூருக்கு சப்-கலெக்டராகப் போனார்.

முத்தம்மாவுக்கு வீட்டில் எந்த வெளியுறவு அமைச்சரும் இல்லை. தவணை கேட்க அண்ணனும் இல்லை. ஹங்கேரிக்குத் தூதர் ஆனபோது, இந்திய வெளியுறவுப் பணியிலிருந்து தூதரான முதல் பெண் அவர்தான். ஆனாலும் பதவி உயர்வு என்று வந்தபோது தகுதி போதவில்லை என்று ஓரங்கட்டினார்கள். நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

அங்கே வெளிச்சத்துக்கு வந்த விதிகளைப் படித்தால் இன்றைக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாது. 1961ஆம் வருஷத்து விதிகள். ஒன்றின்படி, பெண் அதிகாரி கல்யாணத்துக்கு முன்னால் அரசாங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் ராஜினாமா கேட்கலாம். இன்னொன்றின்படி, கல்யாணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் சேர உரிமை கிடையாது. ஆணுக்கு இப்படி எதுவும் இல்லை. அவனுக்குக் குடும்பமே இல்லையா, அல்லது குடும்பத்தில் பொறுப்பே இல்லையா?

1979 செப்டம்பரில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு தீர்ப்பு சொன்னது. வழக்கு நடக்கும்போதே அரசாங்கம் அவசர அவசரமாக அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. விதிகளையும் நீக்க ஆரம்பித்துவிட்டது. அதனால் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் சும்மா செய்யவில்லை. இப்படிப்பட்ட விதிகளில் ஆணாதிக்கத்தின் எச்சம் அப்பட்டமாகத் தெரிகிறது என்று சாடி, பெண்களை ஒதுக்கும் எல்லாப் பணி விதிகளையும் திருத்தச் சொல்லிவிட்டுத்தான் தள்ளுபடி செய்தார்கள். காகிதத்தில் தோற்று நிஜத்தில் ஜெயித்த வழக்கு.

நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க வெளியுறவுப் பணியிலும் கல்யாணமான பெண் வேலையை விட வேண்டும் என்பது 1970களின் தொடக்கம் வரை வழக்கமாக இருந்தது. எழுதாத வழக்கம். நாம் எழுதி வைத்தோம், அதனால் வழக்குப் போட முடிந்தது! எலினார் அந்தத் துறைக்குள் நுழைந்தபோது கணவரை இழந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கணவர் உயிரோடு இருந்திருந்தால் வியன்னாவும் பெர்லினும் அவருக்குக் கிடைத்திருக்குமா?

*

1959 மே மாதம் ஃபாஸ்டர் புற்றுநோயில் இறந்தார். அந்த வருஷமே எலினார் பெர்லின் மேசையிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் சிஐஏ நடத்திய படையெடுப்பு படுதோல்வி. ஆலன் பதவி இழந்தார். ஆகஸ்டில் பெர்லினில் சுவர் எழும்பியது. பெர்லினை நன்றாக அறிந்தவர்கள் தேவைப்பட்ட நேரம் என்றால் அதுதான். ஆனால் கென்னடி அரசாங்கத்துக்கு டல்லஸ் என்ற பெயரே வேண்டாமென்று ஆகிவிட்டது. அமைச்சர் டீன் ரஸ்க் கூப்பிட்டுச் சொன்னார். 1962 ஜனவரியில், அறுபத்தாறு வயதில், அவர் வெளியேறினார்.

அண்ணன் வந்தபோது பெயர் இடைஞ்சல். அண்ணன்கள் போனபோதும் பெயர் இடைஞ்சல். அந்தப் பெயர் திறந்த கதவுகளும் உண்டு, அதை மறைக்க முடியாது. சாதாரண வீட்டுப் பெண்ணுக்கு ஹார்வர்டும் வெளியுறவுத் துறையும் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்காது. ஆனால் உள்ளே போன பிறகு செய்த வேலை அவருடையது. அதைப் பார்க்க விடாமல் அதே பெயர் முன்னால் நின்றது.

அவர் வெளியேறிய அதே வருஷ நவம்பரில்தான் கென்னடி அந்த விமான நிலையத்தைத் திறந்துவைத்தார். தங்கையை அனுப்பிவிட்டு அண்ணன் பெயருக்கு விழா.

எலினார் ஓய்ந்துவிடவில்லை. பாடம் நடத்தினார், புத்தகங்கள் எழுதினார், 1980இல் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். சுவர் எழுந்ததைப் பார்த்தவர், அது 1989இல் விழுந்ததையும் பார்த்தார். 1996 அக்டோபர் 30ஆம் தேதி, 101 வயதில் இறந்தார்.

இன்றைக்குத் தாம்பரத்துக் கல்லூரிகளில் பொருளாதார வகுப்பில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். "எகனாமிக்ஸ் படிச்சா பேங்க் எக்ஸாம்தானா?" என்று கேட்கிற வீடுகளிலிருந்து மின்சார ரயில் பிடித்து வருகிறவர்கள். அவர்களுக்குச் சொல்ல இந்த இரண்டு பெண்களும் வேண்டும். எண்களைப் பிடித்துக்கொண்டு ஒரு நகரம்வரை போகலாம் என்பதற்கு எலினார். பின்னால் எந்தப் பெயரும் இல்லாதவர்கள் எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பதற்கு முத்தம்மா.

பெரியம்மா ஒருநாள் வாட்ஸப்பில் கூப்பிட்டார். இதையெல்லாம் சொன்னேன். யாழ்ப்பாணத்துப் பாட்டி என்றதும் ஆர்வமாகிவிட்டார். "அப்ப அந்தப் பாட்டிக்குத் தமிழ் தெரிஞ்சிருக்குமே?" என்றார். அகராதி எழுதியவரின் மகளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நானும் சொன்னேன்.

"சரி, அண்ணன் பேர்ல ஏர்போர்ட் இருக்கு. பெர்லின்ல மண்டபம் கட்டினாளே அந்தத் தங்கச்சி, அங்கயாவது அவ பேர் இருக்கா?"

அந்த மண்டபத்தின் விலாசத்தைத் தேடிப் பார்த்தேன். சாலையின் பெயர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் சாலை, கதவு எண் 10.

பெரியம்மாவிடம் அதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "கட்டினது அவ, போர்டு அவன் பேர்ல" என்றார். பிறகு, "நம்ம வீட்லயும் பத்திரம் எல்லாம் அப்படித்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, பேரன் அழுகிறான் என்று போனை வைத்துவிட்டார்.